கேலிப்பர் மோகம்

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருகிறது. "என்ன சார், இன்னுமா டிரம் பிரேக்கோட ஓட்டுறீங்க? மாருதி கேலிப்பர் போட்டுடுங்க. ரெண்டு நாள் வேலை. மிதிச்சா அப்படியே நிக்கும்." சொல்பவருக்குப் பெரும்பாலும் முப்பது வயது இருக்கும். அவர் வண்டிக்கு அவரைவிட இருபது வயது கூடுதல். முன் சக்கரத்தைக் கழற்றி, பளபளக்கும் டிஸ்கைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருப்பார். மாஸ்டர் சிலிண்டர் என்ன போட்டீர்கள் தம்பி என்று கேட்டால், "அது பழசுதான் சார், நல்லாத்தானே இருக்கு" என்பார்.

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பிரேக் விஷயத்தில் அலுப்போடு சும்மா இருப்பதும் தப்பு என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. புதுச்சேரி அரசாங்கத்தில் 35 வருஷம் கோப்பு தள்ளியவன். 1986ல் ஒரு சொல்தா பெரியவரிடமிருந்து 1968 மாடல் பியட் 1100 வாங்கினேன். அவர் இந்தோசீனாவில் சண்டை போட்டவர், வண்டியைத் துப்பாக்கி மாதிரி துடைத்து வைத்திருந்தார். அன்றிலிருந்து இன்றுவரை அந்த வண்டி என்னிடம்தான். நாலு சக்கரத்திலும் டிரம். அதை வைத்துக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கியிருக்கிறேன். ஆகவே டிரம் பிரேக் என்றால் சாவு நிச்சயம் என்று யாராவது பேசினால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

ஆனால் நான் எதிர்க்கட்சியும் இல்லை. எதிர்க்கட்சி என்று ஒன்று இருக்கிறது, அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு திருகாணி மாறினாலும் வண்டியின் கற்பு போய்விட்டது என்று பேசுகிறவர்கள் அவர்கள். வேறு கம்பெனி கேலிப்பர் என்றாலே முகத்தைச் சுளிப்பார்கள். கார் கம்பெனிகள் பெரும்பாலும் பிரேக்கைத் தாங்களே வார்ப்பதில்லை என்பது இவர்களுக்கு நினைவில் இருப்பதில்லை. இங்கிலாந்தில் கர்லிங், லாக்ஹீட், பிரான்சில் பெண்டிக்ஸ், ஜெர்மனியில் ஆட்டே என்று பிரேக்குக்கென்றே கம்பெனிகள் இருந்தன. நம் சென்னைப் பாடியிலும் 1962ல் பிரேக்ஸ் இந்தியா வந்தது. ஒரே பட்டறையில் செய்த சாமான் நாலு கம்பெனி வண்டியில் இருந்திருக்கிறது. அப்புறம் எது சொந்தம், எது அந்நியம்?

இன்னொன்று. பியட் கம்பெனியே 1966ல் இத்தாலியில் 1100 ஆர் என்ற மாடலுக்கு முன் சக்கரத்தில் டிஸ்க் கொடுத்துவிட்டது. அதற்கும் முன்னால், 1955 பாரிஸ் கண்காட்சியில் சிட்ரோயன் டி.எஸ். முன் டிஸ்கோடு வந்து நின்றது. நமக்குக் கிடைத்தது 1100 ஆருக்கு முந்தைய 1100 டி. அதையே பம்பாய் குர்லாவில் பேரை மாற்றி மாற்றி, பிரசிடென்ட் என்றும் பத்மினி என்றும் பல வருஷம் டிரம்மோடு விற்றார்கள். அன்று லைசென்ஸ் ராஜ்யம். கார் வாங்கக் காத்திருந்தவன் பிரேக்கைப் பற்றி வாய் திறந்திருப்பானா? ஆகவே அந்த வண்டிக்கு டிஸ்க் போடுவது பாவம் என்று சொன்னால், அதைச் செய்த முதல் பாவி பியட் கம்பெனிதான்.

சரி, என் வழக்கு யார் மேல்? கேலிப்பரை மட்டும் மாட்டிவிட்டு, பிரேக்கையே மாற்றிவிட்டதாகச் சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் மேல். அதை நம்பிக் குடும்பத்தைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் 100ல் போகிறவர்கள் மேல்.

என் வண்டியிலும் அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றிலும் பிரேக் ஆயில் ஓடுவது ஒரே சுற்று. பெடலுக்குக் கீழே ஒரு மாஸ்டர் சிலிண்டர், அதிலிருந்து பிரிந்து நாலு சக்கரத்துக்கும் போகும் குழாய். ஏதாவது ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால், நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். மிதித்தால் பெடல் நேரே தரைக்குப் போகும். அமெரிக்காவில் 1968லேயே இதைக் கார்களுக்குச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். இரண்டு சுற்று வேண்டும், ஒன்று போனால் இன்னொன்று நிறுத்த வேண்டும் என்றார்கள். பழைய வண்டியில் ஆளைக் கொல்லக்கூடிய குறை இதுதான். முன் சக்கரத்துக்கு உலகத்திலேயே உயர்ந்த கேலிப்பரை மாட்டினாலும் இந்தக் குறை அப்படியே இருக்கும். சொல்லப்போனால் கூடும். பழைய ஹோஸ் புது கேலிப்பருக்கு எட்டாது என்று, இரண்டு புது ஹோஸை எங்கிருந்தோ தேடி, திருகு சரியாக உட்காராமல் வாஷர் வைத்து இறுக்கியிருப்பார்கள்.

காசு செலவழிக்க மனசு இருந்தால் முதலில் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் போடுங்கள். புது ஹோஸ்களும், துருப்பிடித்த குழாய்களுக்குப் பதில் புதுக்குழாயும் போடுங்கள். படம் எடுத்து அனுப்ப அதில் ஒன்றும் இருக்காது, அது எனக்கும் தெரியும்.

அடுத்து, "அப்படியே நிக்கும்" என்ற விளம்பரம். வண்டியை நிறுத்துவது டயரும் ரோடும். சக்கரத்தைப் பூட்டுகிற அளவுக்கு உங்கள் டிரம்மில் பலம் இருந்தால், அதற்கு மேல் எத்தனை பிடி பிடித்தாலும் ஒரு முழம்கூட முன்னால் நிற்காது. டிஸ்கின் அருமை வேறு. சூடானால் சீக்கிரம் ஆறும், மழையில் நனைந்தால் சீக்கிரம் உலரும், திரும்பத் திரும்ப மிதித்தாலும் களைக்காது, வண்டியை ஒரு பக்கமாக இழுக்காது. இவை பெரிய குணங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறு வருஷத்து டயரில் வெடிப்போடு ஓடும் வண்டிக்கு முதல் மருந்து நாலு டயர்.

இனி கணக்குக்கு வருகிறேன். என்னைப் பள்ளியில் பிரெஞ்சில் படிக்க வைத்தார்கள். பௌதிகம் எடுத்த முசியே, பாஸ்கலைப் பற்றிப் பேசும்போது சொந்த மாமனைப் பற்றிப் பேசுவது மாதிரி பேசுவார். பாஸ்கல் 1662ல் செத்துப்போனார், அவர் எழுதிய நீர்மக் கட்டுரை மறுவருஷம் அச்சில் வந்தது. அடைத்து வைத்த திரவத்தில் ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லா இடத்துக்கும் போகும் என்பது விஷயம். கரும்பலகையில் சின்ன உருளை ஒன்று, பெரிய உருளை ஒன்று வரைந்துவிட்டு, "அத்தான்சியோன்!" என்று சாக்பீஸால் தட்டுவார். பெரிய உருளையில் பலம் கூடும், ஆனால் அது நகரும் தூரம் குறையும், இரண்டையும் சேர்த்து யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்கிறார் பாஸ்கல் என்பார். பட்ஜெட்டில் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மறுஒதுக்கீடு செய்கிற மாதிரி என்று பிற்பாடு நான் புரிந்துகொண்டேன். மொத்தத் தொகை மாறாது.

இதைக் காருக்குப் போட்டுப் பார்ப்போம். மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 19 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு சுமார் 2.8 சதுர சென்டிமீட்டர். டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டர் 25 மில்லி என்றால் 4.9. கேலிப்பர் பிஸ்டன் 48 மில்லி என்றால் 18. பழைய மாஸ்டர் சிலிண்டர் இந்தச் சின்ன சிலிண்டர்களுக்கு ஆயில் தள்ளுவதற்காக அளவெடுத்துச் செய்தது. இப்போது அதன் தலையில் இரண்டு பெரிய பிஸ்டனைக் கட்டுகிறீர்கள்.

பழைய வண்டியில் முன் சக்கர பேரிங் லேசாக ஆடும். டிரம்முக்கு அது பெரிய குற்றமில்லை. டிஸ்க் ஆடினால் பேடைத் தள்ளி, பிஸ்டனை உள்ளே அனுப்பும். அரை மில்லி உள்ளே போயிற்று என்று வையுங்கள். அதைத் திரும்பக் கொண்டுவர ஒரு பக்கத்துக்கு 0.9 சி.சி., இரண்டு பக்கத்துக்கு 1.8 சி.சி. ஆயில் வேண்டும். அதற்கு மாஸ்டர் சிலிண்டர் 6.4 மில்லி கூடுதலாக நகர வேண்டும். பெடல் நெம்புகோல் ஐந்துக்கு ஒன்று என்றால் உங்கள் கால் 32 மில்லி கூடுதலாகக் கீழே போகும். பிரேக் பிடிப்பதற்கு முன்னால் வெறுமனே போகிற தூரம் இது. ஒரு குழந்தை குறுக்கே ஓடிவரும்போது முதல் மிதி காற்றில் போய்விடும், இரண்டாவது மிதியில்தான் பிரேக் கிடைக்கும்.

சரி, பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால்? தூரம் குறையும், கால் வலிக்கும். டிரம்முக்குள் முன்பக்க ஷூ சுழலும் டிரம்மோடு தானே இழுபட்டு இறுகும், நம் காலுக்கு அது ஓசியில் கிடைக்கும் ஒத்தாசை. டிஸ்கில் அது கிடையாது. ஆகவே சர்வோ என்கிற வேக்குவம் டப்பா வேண்டும். அதையும் இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிப் போடுகிறார்கள். நம் தலைமுறையில் பலருக்கு, பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுகிற பழக்கம் உண்டு. சர்வோ வைத்த வண்டியில் அதைச் செய்யாதீர்கள். எஞ்சின் நின்றால் வேக்குவம் வராது. டப்பாவில் மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும், அதற்குப் பிறகு பாறையை மிதிக்கிற மாதிரி இருக்கும்.

சர்வோவும் போடாமல், மாஸ்டரும் மாற்றாமல் விட்டால் வேறொரு கூத்து. முன் டிஸ்க் போதுமான அளவு பிடிப்பதற்குள், பின்னால் இருக்கும் டிரம் தானே இறுகிப் பூட்டிக்கொள்ளும். பின் சக்கரம் முதலில் பூட்டினால் வண்டியின் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். மழை ரோட்டில் இதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர், பெயர் வேண்டாம், டிஸ்க் மாட்டிய இரண்டாவது மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போனார். புதுச்சேரியில் நமக்கு மலை என்றால் ரயில்வே மேம்பாலம்தான், அதனால் இங்கே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஏறும்போதும் ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது, 20 வளைவில் பாதி தாண்டியதும் பெடல் வெண்ணெய் மாதிரி ஆகியிருக்கிறது. அடுத்த வளைவில் தரைக்குப் போய்விட்டது. பின் சீட்டில் அவருடைய அம்மா, இரண்டு பிள்ளைகள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இரண்டாவது கியருக்குத் தள்ளி, மலைப்பக்கத்து ஓடையில் உரசி நிறுத்தினார். ஹேண்ட் பிரேக் கம்பியால் இழுப்பது, பின் டிரம்மைப் பிடிப்பது. எந்த டிரம்மைக் கேலி செய்தாரோ அதுதான் அன்றைக்கு நிறுத்தியது.

அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் கெட்டியாக, பழையபடி இருக்கிறது! ஊர் திரும்பியதும் பட்டறைக்காரர் மிதித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பழுது இல்லையே சார், நீங்க ரொம்ப மிதிச்சிருப்பீங்க" என்று சொல்லி, பிரேக் ஆயில் மாற்றியதற்கும் காசு வாங்கிக்கொண்டார்.

நடந்தது என்ன? டிரம்முக்கென்று செய்த பழைய மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில் வாயருகே ஒரு சின்ன வால்வு இருக்கும். காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை, சுமார் 10 பி.எஸ்.ஐ., நிறுத்தி வைப்பது அதன் வேலை. வீல் சிலிண்டர் கப் ரப்பர் தளர்ந்து காற்று உள்ளே போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. டிரம்மில் ஷூவைப் பின்னால் இழுக்க வலுவான ஸ்பிரிங் இருப்பதால் இந்த அழுத்தம் ஒன்றும் செய்யாது. கேலிப்பரில் அப்படிப்பட்ட ஸ்பிரிங் இல்லை. வால்வை எடுக்காமல் விட்டால் பேட் எப்போதும் டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும். மலை இறக்கத்தில் டிஸ்க் நீலம் பாரிக்கிற அளவு சூடாகி, ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கும், பிரேக்குக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஆறியதும் ஆவி திரும்பவும் ஆயில் ஆகிவிடும், தடயம் இருக்காது. புது டாட் 3 ஆயில் 205 டிகிரியில் கொதிக்கும். ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கிற ஆயில். ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கடற்கரை ஊரில் இருந்துகொண்டு, மூடி திறந்த டப்பாவை அடுத்த வருஷத்துக்கு என்று அலமாரியில் வைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரேக் ரப்பரை மண்ணெண்ணெயில் கழுவுகிற பட்டறையைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள், ரப்பர் ஊறி உப்பிவிடும்.

கேலிப்பரைப் பிடித்திருக்கும் பட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேறு வண்டி கேலிப்பர் நம் அச்சில் நேராக உட்காராது. நடுவில் ஒரு இரும்புப் பட்டை வெட்டி, துளை போட்டு மாட்டுகிறார்கள். மாருதி 800 வெறும் வண்டியாக 650 கிலோ சொச்சம். பியட் 900 கிலோவை நெருங்கும். நாலு பேரும் சாமானும் ஏறினால் 1,200. அவசரத்துக்கு மிதிக்கும்போது எடையில் பெரும்பங்கு முன்னால் சாயும். அந்த வேளையில் ஒவ்வொரு முன் டயரும் ரோட்டைப் பிடித்து இழுப்பது கிட்டத்தட்ட 300 கிலோ. டயரின் ஆரம் 30 சென்டிமீட்டர், கேலிப்பர் பிடிக்கும் இடம் மையத்திலிருந்து 9 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் அந்தப் பட்டை மேலும் அதைப் பிடித்த இரண்டு போல்ட் மேலும் விழும் இழுவை ஏறக்குறைய ஒரு டன். அந்தப் பட்டையைக் கேஸ் வைத்து அறுத்து, ஓரம்கூட ராவாமல், கையில் அகப்பட்ட போல்ட்டைப் போட்டு இறுக்கியிருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எந்த இரும்பு, எந்தக் கிரேடு போல்ட் என்று கேட்டதற்கு, "நல்ல கனமான இரும்பு சார்" என்று பதில் வந்தது.

சட்டம் காப்பாற்றுமா? 1988 மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரித்தவர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் பிரேக்கைப் பற்றி ஒரு வரி கிடையாது. 2021ல் 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தார்கள். அதிலும் கவலை பாடியையும் சேசிஸையும் எஞ்சினையும் பற்றித்தான். கோப்பு படித்துப் பழகிய கண்ணுக்கு இந்த இடைவெளி நன்றாகத் தெரிகிறது. இந்த இடைவெளிக்குள்தான் இரண்டு நாள் வேலைக்காரர்கள் கடை விரித்திருக்கிறார்கள்.

ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். மாஸ்டர் சிலிண்டர், கேலிப்பர், சர்வோ, பின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்து எடுத்து, பட்டையை மில்லிங்கில் கடைந்து, காலி மைதானத்தில் மிதித்துப் பார்த்துத்தான் சாவி கொடுப்பார்கள். அவர்கள் இரண்டு நாளில் முடிப்பதில்லை. அவர்கள் செய்த வண்டியில் நான் பயமில்லாமல் உட்காருவேன், கேலிப்பர் யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி.

இவ்வளவு செலவுக்கு வழியில்லாதவர்கள் டிரம்மையே ஒழுங்காக வைத்துக்கொள்ளலாம். கோணிய டிரம்மை லேத்தில் கடைந்து, லைனிங்கை டிரம்மின் வளைவுக்கு ராவி, ரிவெட் தலை வெளியே வருமுன் மாற்றி, சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அட்ஜஸ்ட் செய்தால் போதும். இன்றைக்கு ஷூ ராவத் தெரிந்த கை ஊரில் இரண்டு மூன்றுதான் மிச்சம். டிரம் கெட்டது என்று பெயர் வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

வருஷா வருஷம் பழைய கார் ஊர்வலம் நடத்துகிறவர்கள் பெயின்டுக்கு மார்க் போடுகிறார்கள், கிரில்லுக்குப் போடுகிறார்கள், சீட் துணிக்குக்கூடப் போடுகிறார்கள். பிரேக்குக்கு ஒரு மார்க்கும் இல்லை. கிளம்புமுன் ஒவ்வொரு வண்டியிலும் பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்துக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள், பிரேக் மாற்றிய வண்டிக்காரரிடம் மாஸ்டர் சிலிண்டர் அளவு, எத்தனை சுற்று, பட்டை செய்தவர் யார் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், எழுத முடியாதவர் வண்டியை மைதானத்தில் நிறுத்திவைத்துக் காட்டட்டும், ரோட்டில் விட வேண்டாம் என்று மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்து ஏழு வாரம் ஆகிறது. போன் செய்தால் 'பரிசீலனையில் இருக்கிறது ஐயா' என்கிறார்கள். அந்த வார்த்தையை நானே 35 வருஷம் எழுதியிருக்கிறேன். அதனால் அடுத்த வாரம் நேரில் போகிறேன்.